கை காயாத வேலையும் நகச்சுற்றும்: வராமல் தடுக்க எதை மாற்ற வேண்டும்?

விடுதிச்சமையல் எழுதியது:

வணக்கம். சுமார் 400 பேர் சாப்பிடும் மாணவர் விடுதியின் சமையல்கூடத்துக்காகக் கேட்கிறேன். பாத்திரம் துலக்க நான்கு பேர். காய் நறுக்க, பூண்டு உரிக்க, மாவு அரைத்து வழிக்க மூன்று பேர். இந்த ஏழு பேரில் யாராவது ஒருவருக்கு எப்போதும் நகச்சுற்று இருந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, இரண்டே நாளில் நகக்கண் சிவந்து, விண்விண் என்று தெறித்து, சீழ் கோத்து உடைவது. இன்னொன்று, பெரிய வலி இல்லாமல் மாதக்கணக்கில் நகத்தின் அடிப்பக்கம் உப்பியே இருப்பது; அந்த நகம் வரிவரியாக, மேடுபள்ளமாக வளர்கிறது. கழுவுமிடத்தில் நிற்பவர்களுக்குக் கால் கட்டைவிரலிலும் வருகிறது.

எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொள்கிறார்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிறார்கள், மருந்துக்கடையில் கேட்டு ஏதாவது களிம்பு தடவுகிறார்கள். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தோம். உள்ளே தண்ணீர் போகிறது, வியர்க்கிறது என்று ஒரே வாரத்தில் மூலையில் போட்டுவிட்டார்கள்.

வந்தபின் பார்க்கும் வைத்தியத்தைவிட, வராமல் இருக்க வேலைமுறையில் எதை மாற்றலாம் என்பதுதான் என் கேள்வி. எந்த நிலையில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னால் உதவும்.


தோல்மருத்துவம் எழுதியது:

நீங்கள் பார்த்த இரண்டு விதமும் உண்மையில் இரண்டு வேறு நோய்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரே வைத்தியத்தை இரண்டுக்கும் செய்கிறோம். பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நகத்தின் அடிப்பக்கத்தில், தோலும் நகமும் சேருமிடத்தில் மெல்லிய ஏடு போல ஒரு தோல் நகத்தோடு ஒட்டியிருக்கும். அழகு நிலையங்களில் க்யூட்டிகிள் என்று சொல்லி வெட்டி எடுப்பது அதைத்தான். நகத்துக்கும் தோலுக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைத்து வைக்கும் ஒரே அடைப்பு அது. அது கிழிந்தால் கிருமி உள்ளே போகும். அது அழிந்தே போனால் தண்ணீர், சோப்பு, புளி, மாவு எல்லாம் தினமும் உள்ளே போய்த் தங்கும்.

முதல் வகை, அதாவது திடீரென வருவது, கிழிசலால் வருகிறது. நகம் கடிப்பது, ஓரத்தில் பிய்ந்து நிற்கும் தோலைப் பல்லால் இழுப்பது, கம்பி நார் குத்துவது, மீன் முள் ஏறுவது ஆகியவை வழக்கமான வாசல்கள். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். பிய்ந்த தோலை இழுக்காமல், சுத்தமான நகவெட்டியால் அடியோடு ஒட்ட நறுக்கிவிட்டு மேலே ஒரு பிளாஸ்டர் போட்டாலே இந்த வகையில் கணிசமானதைத் தடுத்துவிடலாம். கழுவுமிடத்தில் நகவெட்டி ஒன்று தொங்க வேண்டும் என்பேன். கையருகே இல்லாததால்தான் பல் வேலை செய்கிறது.

இரண்டாவது வகை 6 வாரத்துக்கு மேல் நீடிப்பது. இதைப் பலரும் பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு போடுகிறார்கள். சோதித்தால் கேண்டிடா பூஞ்சை கிடைக்கவும் செய்யும். ஆனால் ஈரமான இடுக்கில் அது பின்னால் வந்து குடியேறுவது. முன்னால் வந்தது ஈரமும் சோப்பும் உண்டாக்கிய தோல் அழற்சி. 2002-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் இட்ராகோனசோல், டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரைகளை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்போடு ஒப்பிட்டார்கள். களிம்பு போட்டவர்களின் நகங்கள்தான் அதிகம் குணமாயின. அதற்காக நீங்களே ஸ்டீராய்டு வாங்கித் தடவாதீர்கள். அது எந்த வலிமையில், எத்தனை வாரம் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் கடும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்திருக்கும். சீழ் பிடித்த விரலில் அதைத் தடவினால் சிவப்பும் வீக்கமும் அடங்கியது போலத் தெரியும், உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கும்.

வைத்தியத்தில் ஒரு நேர் முரண் உண்டு. சீழ் பிடிக்கத் தொடங்கிய விரலைக் கை பொறுக்கும் வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை முக்கி எடுத்து நன்றாகத் துடைத்தால், ஆரம்ப நிலையில் அதுவே போதும். உப்பு போட்டாலும் கெடுதல் இல்லை, போடாவிட்டாலும் குறைவில்லை. ஆனால் மாதக்கணக்கில் உப்பியிருக்கும் விரலுக்கு இதே வெந்நீர் வைத்தியம் செய்தால் நோய்க்கே தீனி போட்டதாகும். அதற்கு முதலில் வேண்டியது உலர்வுதான்.

உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை: மஞ்சளாகச் சீழ் தெரிந்தால், அல்லது நகத்தைச் சுற்றி அழுத்தும்போது மெத்தென்று அமுங்கினால், அதைக் கீறி வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் பெரும்பாலும் பலிக்காது. வீட்டு ஊசியால் குத்துவதும் வேண்டாம். விரல் நுனியின் சதைப்பகுதி கிண்ணென்று இறுகித் தூங்கவிடாமல் தெறித்தால் அது நகச்சுற்றைத் தாண்டிவிட்டது, அன்றைக்கே போக வேண்டும். அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, சற்று மடங்கியே நின்று, உள்ளங்கைப் பக்கம் தொட்டால் வலித்து, நிமிர்த்த முயன்றால் உயிர் போகிற மாதிரி இருந்தால் விரலை மடக்கும் தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் இறங்கியிருக்கலாம். அது அறுவை சிகிச்சைக்குரியது. ஓர் இரவு தாமதம்கூட விரலின் அசைவைக் கெடுத்துவிடும்.

சீழ் இல்லாமல் கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்திருந்தால் அதைக் கீறவே கூடாது. அது ஹெர்பிஸ் வைரஸ். வாய்ப்புண் உள்ள, விரல் சூப்பும் குழந்தைகளிடமும் இதைப் பார்க்கலாம்.


கையுறைக்காரர் எழுதியது:

கையுறை மூலையில் கிடப்பதற்குப் பணியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் ரப்பர் கையுறையை ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் உள்ளே வியர்வையில் விரல் வெளுத்து ஊறிப்போகும். தண்ணீரில் நேராகக் கை வைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் அல்லது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். இந்த இரட்டை அடுக்குதான் பலன் தரும். பருத்திக் கையுறை ஆளுக்கு நான்கு ஜோடியாவது வேண்டும், ஈரமானதும் மாற்றத்தான். வெளிக் கையுறையை வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். இல்லையென்றால் பருத்தி உள்ளே போட்டதும் விரல் இறுகி, மறுபடி மூலைக்குத்தான் போகும்.

தண்ணீர் உள்ளே போவது ஓட்டையால் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது மேல்வாய் வழியாகப் போகிறது. குண்டாவைத் தூக்கிக் கவிழ்க்கும்போது கை உயர்கிறது, தண்ணீர் முழங்கைப் பக்கம் ஓடிவந்து உள்ளே இறங்குகிறது. முழங்கை வரை வரும் நீளக் கையுறை வாங்கி, மேல்விளிம்பை நான்கு விரற்கடை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் ஓடிவரும் தண்ணீர் அந்த மடிப்பில் தேங்கும். பெரிய அண்டா கழுவுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

ஓட்டை பார்க்க: கையுறையில் கால்வாசி தண்ணீர் பிடித்து, வாயை முறுக்கி, ஒவ்வொரு விரலாக அழுத்துங்கள். ஊசிமுனை ஓட்டை என்றாலும் பீய்ச்சும். வாரம் ஒருமுறை போதும். ஓட்டைக் கையுறை கையுறை இல்லாததைவிடக் கெடுதல், உள்ளே போன சோப்புத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நகத்தோடு ஒட்டி நிற்கும்.

தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. 20 நிமிடம் துலக்கல், பிறகு கழற்றித் துடைத்துவிட்டு 10 நிமிடம் அடுக்கும் வேலை என்று நான்கு பேரையும் சுழற்சியில் விடலாம். வேலை முடிந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி, விரல் நுனி மேலே இருக்கும்படி குச்சியில் மாட்டி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். மோதிரத்தைக் கழற்றாமல் போடுகிறவர்களுக்கு மோதிரத்தடியில்தான் முதலில் தோல் கெடும்.

பரிமாறுகிறவர்கள் போடும் மெல்லிய பாலித்தீன் கையுறையைத் துலக்குகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். காசு வீண்.


தோல்மருத்துவம் எழுதியது:

இதனோடு ஒன்று சேர்க்கிறேன். பூண்டு உரிப்பவர்களின் இடது கைக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் நுனிகளைப் பாருங்கள். தோல் தடித்து, வெடித்து, உரிந்திருந்தால் அது பூண்டு ஒவ்வாமையாக இருக்கலாம். வலது கை கத்தி பிடிக்கிறது, இடது கை பூண்டு பிடிக்கிறது. அதனால்தான் இந்த அமைப்பு. காரணமான பொருள் சாதாரண ரப்பர் கையுறையை ஊடுருவிவிடும் என்பதால் இவர்களுக்குக் கையுறை தீர்வல்ல, வேலையை மாற்றிக் கொடுப்பதுதான். உரிப்பதற்கு இயந்திரம் கிடைக்கிறது.

கழுவி முடித்ததும் நகக்கண்ணிலும் நகத்தின் அடிப்பக்கத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு பட்டாணி அளவு எடுத்துப் பத்து விரலுக்கும் தேய்க்கச் சொல்லுங்கள். உணவு தொடுகிறவர்கள் வேலை நேரத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாம். அடைப்புத் திறன் குறைவுதான், ஆனாலும் வெறும் கையைவிட மேல். இரவு படுக்கும் முன் ஜெல்லி. அழிந்த அடைப்பு மறுபடி உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும், எனவே வரிவிழுந்த நகம் முழுதாக மாறி வர ஆறு மாதம் பொறுக்க வேண்டும். வீக்கம் இறங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதால்தான் திரும்ப வருகிறது.


கைவைத்தியம் எழுதியது:

எலுமிச்சம்பழத்தையும் மஞ்சளையும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே டாக்டர்? தலைமுறை தலைமுறையாகச் செய்துதானே வருகிறோம். மருதாணி வைத்தால் நகச்சுற்று வராது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள்.


தோல்மருத்துவம் எழுதியது:

நான் இன்னும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே ஐயா, சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு நல்ல அமிலம். அதற்குள் விரலை இரவெல்லாம் வைத்தால் மேல்தோல் ஊறி மெலியும். மேலாக நிற்கும் சீழ் அப்போது தானாக உடைந்து வலி குறைவது உண்டு, பழத்துக்குப் பேர் கிடைப்பது அதனால்தான். வெந்நீரிலும் அதேதான் நடக்கிறது, எரிச்சல் இல்லாமல். நாள்பட்ட வகைக்கு எலுமிச்சை வைத்தால் மிச்சமிருக்கும் அடைப்பும் போய்விடும். சாறு பட்ட தோலை வெயிலில் காட்டினால் கருத்துக் கொப்பளிப்பதும் உண்டு.

மஞ்சள் தனியாக இருந்தால் பெரிய தீங்கில்லை. சுண்ணாம்புதான் ஆபத்து. கடும் காரத்தன்மை உள்ளது, புண்ணின் மேல் வைத்துக் கட்டினால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி மங்கியிருந்தால் வேகிறது என்றே தெரியாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மருதாணி இலையை அரைத்து வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிவந்த நகத்தில் நிறமாற்றம் எதுவும் தெரியாமல் போகும் என்பது மட்டும்தான் குறை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்புகள் வேறு விஷயம். அவற்றில் முடிச்சாயத்தில் சேர்க்கும் வேதிப்பொருள் கலப்பார்கள், அதற்கு ஒவ்வாமை வந்தால் விரலே கொப்பளித்துவிடும்.


பாதப்பராமரிப்பு எழுதியது:

கால் பக்கத்தை நான் சொல்றேங்க. நீரிழிவுப் பாதப் பிரிவில் செவிலியர் வேலை.

கால் கட்டைவிரலில் வருவது முக்கால்வாசி நகம் வெட்டுற முறையால வருது. ஓரத்தை வளைச்சு உள்ளே போய் வெட்டுவாங்க. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் மாதிரி நகத்துண்டு மிஞ்சிடும். நகம் முன்னால வளரும்போது அது சதையில குத்தும், புண்ணாகும், சீழ் வைக்கும். அப்புறம் வலிக்குதுன்னு இன்னும் உள்ளே தோண்டி வெட்டுவாங்க. கால்நகத்தை நேர்க்கோடா வெட்டணும். இரண்டு மூலையும் தோலுக்கு வெளியே தெரியணும். விரல் நுனியோட சமமா நிக்கட்டும், அதுக்கு மேல குறைக்க வேண்டாம். கூர்முனை இருந்தா அரத்தால ஒரே திசையில தேய்ச்சு மழுக்கிடலாம். குளிச்சு முடிச்சதும் நகம் மெத்துன்னு இருக்கும்போது வெட்டினா பிளக்காது.

மூலை லேசா சதையில அழுந்த ஆரம்பிச்சிருக்கு, சீழ் இல்லைன்னா: வெந்நீர்ல 15 நிமிஷம் வெச்சு, துடைச்சு, பஞ்சுல ஒரு நூலிழை அளவு திரிச்சு நகமூலைக்கு அடியில மெதுவா நுழைச்சு விடுங்க. தினமும் பஞ்சை மாத்தணும். மாத்தாம விட்டா அந்தப் பஞ்சே கிருமிக் கூடாகிடும். நகம் சதையைத் தாண்டி வர்ற வரைக்கும் வாரக்கணக்குல செய்யணும். சீழோ, புண்ணுக்கு மேல சிவப்பா சதை வளர்ந்தோ இருந்தா பஞ்சு வேண்டாம், டாக்டர்கிட்ட போயிடுங்க. நகத்தோட ஓரப்பகுதியை மட்டும் எடுத்துடுவாங்க, முழு நகத்தையும் பிடுங்கணும்னு இல்ல.

கழுவுற இடத்துல வெறுங்கால், இல்லேன்னா ஊறின ஹவாய் செருப்பு. இரண்டும் ஒண்ணுதான். விரலிடுக்குல சேற்றுப்புண் வரும், அந்தத் தோல் வெடிப்பு வழியா கிருமி ஏறும். கம்பூட் வாங்கிக் கொடுத்தீங்கன்னா ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுங்க, ஒண்ணு காயுறப்ப ஒண்ணு போட. நைலான் சாக்ஸ் வேண்டாம், பருத்தி சாக்ஸ் மதியம் ஒருமுறை மாத்தட்டும். நீளமான விரலுக்கும் பூட் நுனிக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கணும். பூட்டைத் தரையில நிமிர்த்தி வெச்சா காயாது, கவிழ்த்து மாட்டுங்க. ஆனா இதை எல்லாம் விட முதல் வேலை, தண்ணி தேங்காம தரைச்சரிவையும் சாக்கடைத் துளையையும் சரி பண்றது. அதுக்குத்தான் யாரும் காசு செலவழிக்க மாட்டாங்க.

உங்க ஆளுங்கள்ல சர்க்கரை இருக்கிறவங்க யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அவங்க வெந்நீரைக் காலால சோதிக்கக் கூடாது, முழங்கையால தொட்டுப் பார்க்கணும், இல்லேன்னா வேற ஒருத்தர் பார்க்கணும். கால்ல உணர்ச்சி குறைஞ்சவங்க தானே நகம் வெட்டிக்கவும் வேண்டாம். வலி இல்லாத நகச்சுற்றுதான் இவங்களுக்கு மோசம், செருப்புல சீழ் பட்ட பிறகுதான் தெரியும். இவங்களை மூணு நாள் பார்க்கலாம்னு வைக்காதீங்க, அன்னைக்கே அனுப்புங்க.

நகவெட்டி ஒண்ணே ஒண்ணு வெச்சு எல்லாரும் வெட்டறதா இருந்தா, ஒவ்வொருத்தர் வெட்டினதும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவி, உலர்த்தி, 70 சதவீத ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால துடைக்கணும். அழுக்கு மேல ஆல்கஹால் தடவினா வேலை செய்யாது. பிளீச்சிங் தண்ணியில ஊறவெச்சா துரு ஏறிடும். ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்ல, அதுக்கு என்ன பெரிய செலவு.


உணவுச்சுகாதாரம் எழுதியது:

யாரும் தொடாத ஒரு விஷயம். சீழ் வைத்த விரலோடு சட்னி அரைப்பவர், தயிர்சாதம் கிளறுபவர் 400 பேருக்கும் வாந்தி வரவழைக்க முடியும். நகச்சுற்றுக்குக் காரணமான அதே ஸ்டஃபைலோகாக்கஸ் உணவில் பெருகினால் ஒரு நச்சை உண்டாக்கும். கிருமி சூட்டில் செத்துவிடும், நச்சு சாகாது. அரைமணி நேரம் கொதிக்கவைத்தாலும் அது தாங்கும், மறுபடி சூடுபண்ணிப் பரிமாறுவதில் பயன் இல்லை. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

ஆகவே சீழ் இருக்கும்வரை அவர் சமைத்த உணவைத் தொடக் கூடாது, பிளாஸ்டர் போட்டிருந்தாலும். மூட்டை அடுக்குவது, கணக்கு எழுதுவது என்று வேறு வேலை கொடுங்கள். சம்பளம் பிடித்தால் அடுத்த முறை விரலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள், அதைவிட ஆபத்து கிடையாது. சீழ் இல்லாத சாதாரண வெட்டுக்காயத்துக்கு நீர்புகா நீல பிளாஸ்டர், அதன் மேல் கையுறை. நீலம் எதற்கென்றால், சோற்றில் விழுந்தால் கண்ணில் படும்.

2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணைப்படி உணவு கையாள்பவர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அந்த நாளில் பத்து விரலையும் காட்டச் சொல்லுங்கள்.


விடுதிச்சமையல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தரைச்சரிவை அடுத்த விடுமுறையில் சரிசெய்யக் கேட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். துலக்கும் அக்கா ஒருவருக்கு உப்பிய நகத்தின் ஓரம் பச்சையாக, கரும்பச்சையாக மாறியிருக்கிறது. அழுகுகிறதா? இன்னொருவருக்குச் சோப்பு மாற்றினால் போதுமா, பாத்திரக் கட்டி சோப்புக்குப் பதில் திரவ சோப்பு வாங்கலாமா?


தோல்மருத்துவம் எழுதியது:

பச்சை நிறம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா விடும் சாயம். நகம் தூக்கி நிற்கும் ஈர இடுக்கில்தான் அது வளரும். அழுகல் இல்லை, பயப்பட வேண்டாம். தூக்கி நிற்கும் நகத்தை முடிந்தவரை ஒட்ட நறுக்கிவிட்டு, கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து நாளைக்கு இரண்டு முறை 5 முதல் 10 நிமிடம் முக்கி, நன்றாகத் துடைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். வெடிப்போ புண்ணோ இருந்தால் எரியும், அப்போது நிறுத்திவிடலாம். சாயம் நகத்திலேயே ஏறியிருப்பதால் கிருமி போன பிறகும் பச்சை உடனே மறையாது, நகம் வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகும். மூன்று நான்கு வாரத்தில் புதிதாக வளரும் பகுதியும் பச்சையாகவே இருந்தால் அனுப்புங்கள். அதுவரை அவரை உணவு பிசையும், மாவு வழிக்கும் வேலையில் விட வேண்டாம்.

ஆனால் நிறம் பச்சையாக இல்லாமல் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரே நகத்தில் நீளவாக்கில் பட்டை போல இருந்து, அந்தக் கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவினால் வினிகர் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அரிதுதான், ஆனால் தோல் புற்றுநோய் அப்படி வரும். ஒரே விரலில் மாதக்கணக்கில் எதற்கும் ஆறாத புண்ணுக்கும் இதே விதி, சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

சோப்பு விஷயத்தில்: கட்டி சோப்பில் அழுக்கைத் தேய்த்தெடுக்கச் சேர்த்த தூளும் காரமும் இருக்கும், திரவம் கொஞ்சம் மேல். ஆனால் திரவத்தைக் கையில் நேராக ஊற்றித் தேய்த்தால் அந்த லாபமும் போய்விடும். ஒரு வாளித் தண்ணீரில் அளந்து கலக்கட்டும். நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் வாங்குங்கள், கம்பி நாரை அடிப்பிடித்த அண்டாவுக்கு மட்டும் வையுங்கள். அண்டாவை முந்தின இரவே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் அதற்கும் பெரிதாகத் தேவைப்படாது.